எட்டுக்கு நாலு ப்ளைவுட், எட்டு நாட் காற்று

மெல்லிய காற்றிலும் கைட்சர்ஃபிங் செய்ய, புதுச்சேரி நெல்லித்தோப்பு மொட்டைமாடியிலேயே பலகை தயாரிக்கும் முறை. படிப்படியாக.

யாருக்கு இந்த வழிகாட்டி?

நெல்லித்தோப்பிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் இங்கிருந்து பார்த்தால் தெரியாது, காது கொடுத்தாலும் கேட்காது. கடலில் பிடித்த மீன் காலையிலேயே நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்கு வந்துவிடும், கடற்காற்று வராது. வந்தாலும் சிக்னலில் நின்று, பஸ் புகையைக் கூட்டிக்கொண்டுதான் வரும். இப்படியொரு இடத்தில் குடியிருப்பவருக்குக் கைட்சர்ஃபிங் ஆசை வருவதைத் தடுக்க மருந்து எதுவும் இல்லை. வந்துவிட்டவர்கள் மேலே படிக்கலாம். வராதவர்கள் அந்த நேரத்தில் மீன் வாங்கப் போகலாம்.

கைட்சர்ஃபிங் என்பது இதுதான்: வானத்தில் ஓர் அறை அளவுக்குப் பட்டம். அதிலிருந்து இருபது, இருபத்துநாலு மீட்டர் நீளத்துக்கு நாலு கயிறு. கயிற்றின் முடிவில் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியோடு கொக்கி போட்டு மாட்டிய இடுப்புக் கச்சைக்குள் நீங்கள். உங்கள் காலடியில் ஒரு பலகை. பட்டம் இழுக்கும், பலகை வழுக்கும், கரையில் நிற்பவர்கள் செல்போனில் படமெடுப்பார்கள். மூன்றாவது நடக்க முதல் இரண்டும் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழுந்து பறக்கும் காற்றடைத்த பட்டத்துக்கு 1984-ல் காப்புரிமை கேட்டவர்கள் பிரான்சின் பிரெத்தாஞ் கடலோரத்துச் சகோதரர்கள், புருனோ லெகேஞூவும் தொமினிக் லெகேஞூவும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி ஆட்சியை 1954 நவம்பர் 1-ல் ஒப்படைத்தார்கள். 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் முடிந்துவிட்டது. இன்னும் இருபத்திரண்டு வருஷம் பொறுத்திருந்தால் தேவாலயம், தெருப் பெயர்களோடு பட்டத்தையும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். ஆகவே பட்டத்தை நம் காசில்தான் வாங்க வேண்டும். அதற்கே பணம் தீர்ந்துவிடுவதால்தான் பலகையைக் கையால் செய்யும் யோசனை பிறக்கிறது.

முதல் படி: காற்றைக் கணக்குப் பாருங்கள்

காற்றை இங்கே நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். எழுபத்தைந்து கிலோ ஆளைப் பன்னிரண்டு சதுர மீட்டர் பட்டம் சிரமமில்லாமல் இழுக்க 14, 15 நாட் வேண்டும். 8 நாட் என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர். காலேஜ் பையன் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவான். மேலும் காற்றின் இழுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடும், இருமடியாகக் குறையும். 16 நாட்டில் கிடைக்கும் இழுப்பில் 8 நாட்டில் பாதி கிடைக்காது, கால்வாசிதான். இதைப் படித்ததுமே பட்டத்தை மடித்துப் பரணில் வைப்பவர்கள் புத்திசாலிகள். மற்றவர்களுக்கு அடுத்த பாடம், திசை.

நம் கடற்கரை கிழக்கு பார்த்தது. தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கரையை ஒட்டிச் சாய்வாக வரும் காற்றுதான் உத்தமம். கோடை மாதங்களில் தரை நன்றாகச் சூடேறிய பிறகு, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வருவது பெரும்பாலும் இதுதான். நேர் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் உங்களைக் கடற்கரைச் சாலையில் குவித்திருக்கும் கருங்கற்களுக்கு அறிமுகம் செய்துவைக்கும். ஜூன், ஜூலை காலைகளில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். அதை நம்பிப் பட்டம் ஏற்றினால் அடுத்த நிறுத்தம் அந்தமான். ஏறக்குறைய நம் அட்சரேகையிலேயே, கிழக்கே சுமார் 1400 கிலோமீட்டரில் இருக்கிறது. திரும்ப வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆகவே கரையிலிருந்து கடலுக்குள் வீசும் காற்றில் பட்டத்தைப் பையைவிட்டு எடுக்கவே கூடாது. இந்த ஒரு வரியைச் சிரிக்காமல் படிக்கவும்.

மீதி இருப்பது வாடை. ஐப்பசி முதல் மார்கழி வரை தாராளமாக வரும். 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையைக் கடந்ததும் இந்தப் பருவத்தில்தான். காற்று வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் எத்தனை நாட் என்பதையும் சேர்த்து வேண்டிக்கொள்வது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உபகாரம்.

இரண்டாம் படி: வேறு வழிகளை மறந்துவிடுங்கள்

காற்று குறைவாக இருந்தால் செய்யக்கூடியவை மூன்று. பட்டத்தைப் பெரிதாக்கலாம். பலகைக்கு அடியில் கம்பம் வைத்து, தண்ணீருக்குள் இறக்கை பொருத்தி, பலகையையே மேலே தூக்கிவிடும் ஹைட்ரோஃபாயிலுக்குப் போகலாம். அல்லது பலகையைப் பெரிதாக்கலாம். முதல் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் ஒலிம்பிக் வீரர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் கைட் போட்டி மார்செய் கடலில் நடந்தது. உலகத்தில் இருக்கும் சிறந்த ஃபாயில், இருபது சதுர மீட்டரைத் தாண்டும் பட்டம், எல்லாம் இருந்தும் காற்றில்லாமல் அவர்களும் காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், சும்மா உட்காருவதைக் குறைந்த செலவில் செய்வதுதான் விவேகம்.

நாலாவதாக ஒரு வழியும் உண்டு: காற்று இருக்கும் ஊருக்குப் போவது. ராமேஸ்வரம் தீவில் கோடையில் தெற்குப் பக்கக் காற்று, குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று என இரண்டு பருவம். கைட் கற்றுக்கொடுக்கும் பள்ளியும் இருக்கிறது. இலங்கையின் கற்பிட்டியில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று களப்பின் மேல் ஓயாமல் வீசும். இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் நண்பர்களிடம் பேச்சை மாற்றிவிடுங்கள். பஸ் டிக்கெட்டில் தீரும் பிரச்சினைக்குப் பலகை செய்யும் சந்தோஷம் கிடையாது.

ஆக, பெரிய பலகை. கடையில் விற்கும் சாதாரண கைட் பலகை 138 சென்டிமீட்டர் நீளம், 41 அகலம் இருக்கும். நாம் செய்யப்போவது 145-க்கு 52. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். தண்ணீரோடு படும் பரப்பு கூடக்கூட, குறைந்த வேகத்திலேயே பலகை தண்ணீரைப் பிளப்பதை விட்டு மேலே ஏறி வழுக்கும். கீழே துடுப்பு கிடையாது, மேலே கால்வார் கிடையாது, தட்டையான பலகை மட்டும். அதற்குப் பெயர் ஸ்கிம்போர்டு. 1920-களில் கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் பட்டம் எதுவும் இல்லாமல், ஓரத்துத் தண்ணீரில் இப்படிப் பலகையை வீசி ஏறி வழுக்கியதில் தொடங்கியது என்பார்கள். நம்மூர் மீனவப் பிள்ளைகள் கட்டுமரத் துண்டில் குப்புறப் படுத்து அலையோடு வருவதற்கு யாரும் வருஷம் குறித்துவைக்கவில்லை.

இத்தனை செய்தால் என்ன லாபம்? இரண்டு, மூன்று நாட். 12 நாட்டில் செய்ததை 9, 10 நாட்டிலும் செய்யலாம். பலகை காற்றை உண்டாக்காது. இருக்கும் காற்றில் சமாளிக்கும். இதைக் காகிதத்தில் எழுதி மாடிப்படியில் ஒட்டிவைக்கவும். வேலை தொடங்கிய பிறகு மறந்துபோகும்.

மூன்றாம் படி: ப்ளைவுட் கடையில் நடந்துகொள்ளும் முறை

கடைக்காரரின் முதல் கேள்வி, "கப்போர்டா சார், கட்டிலா?" என்பதாக இருக்கும். கப்போர்டு என்று சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் டீ வரும், பக்கத்துக் கடைக்காரரும் வருவார், விலை பேச ஆள் இருக்காது.

ப்ளைவுட்டில் எம்ஆர், பிடபிள்யூஆர், பிடபிள்யூபி என்று தரம் உண்டு. எம்ஆர் என்பது காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டும் தாங்கும். தண்ணீரில் போட்டால் அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். நமக்கு வேண்டியது படகுக்கு ஆகும் மரைன் ப்ளைவுட். பலகையின் மேல் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். "கொதிக்க வெச்சாலும் ஒண்ணும் ஆவாது சார்" என்பார் கடைக்காரர். வியாபாரப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்துத்தான் பசை விடுகிறதா என்று சோதிப்பார்கள். உங்கள் பலகை 72 மணி நேரம் கடலில் கிடக்கப்போவதில்லை. பட்டம் கீழே விழுந்து, அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மிதக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

நாலு மில்லிமீட்டர் கனத்தில் எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று வாங்குங்கள். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். நடு அடுக்கில் சந்து தெரிந்தால் வேறு கேளுங்கள். விரல் கணுவால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மாறும் இடத்தில் உள்ளே ஓட்டை. இப்படித் தட்டும்போது முகத்தைச் சுளித்துக்கொள்வது அவசியம். விலை அங்கேதான் கொஞ்சம் இறங்கும்.

அளவைக் கவனியுங்கள். ஷீட் 244-க்கு 122 சென்டிமீட்டர். 145-க்கு 52 துண்டு இரண்டை அக்கம்பக்கமாக வெட்டினால் பலகைக்கு வேண்டிய இரண்டு அடுக்கும் கிடைத்துவிடும். ஓரத்தில் 99-க்கு 122 மிஞ்சும். அந்த மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வழிகாட்டியில் உருப்படியாக முடியப்போவது அது ஒன்றுதான்.

நான்காம் படி: மொட்டைமாடியைக் கைப்பற்றுதல்

மொட்டைமாடியில் ஏற்கெனவே துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, வற்றல் எல்லாம் குடியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் உங்களைவிட முன்னுரிமை உண்டு. "ஏங்க, இது எப்ப முடியும்?" என்ற கேள்வி முதல் நாளே வரும். "காத்து வர்றதுக்குள்ள" என்று சொல்லுங்கள். இதைவிடப் பாதுகாப்பான கெடு இல்லை.

துண்டின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு போடுங்கள். அதன் ஒரு பக்கத்தில் மட்டும், நடுவில் 26, முனைக்கு முப்பது சென்டிமீட்டர் முன்பு 20 எனப் புள்ளி வைத்து, சிறு ஆணிகள் அடித்து, மெல்லிய மூங்கில் பிளாச்சை ஆணிகளை ஒட்டி வளைத்துப் பென்சிலால் கோடு இழுங்கள். அந்தப் பாதியைத் தடித்த காகிதத்தில் வெட்டி, அப்படியே மறுபக்கம் திருப்பிப் போட்டு வரையுங்கள். இரண்டு பக்கத்தையும் தனித்தனியே வரைந்தால் பலகைக்கு ஒரு பக்கம் தோள் இறங்கும். கடலில் அது எப்போதும் ஒரே ஊருக்குப் போகப் பார்க்கும்.

இந்த இடத்தில் ஆசாரி வருவார். நீங்கள் கூப்பிடாவிட்டாலும் வருவார். மாடியில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டும் வராதிருக்க அவர் மனம் கல் இல்லை. வந்து பார்த்துவிட்டு, "காலு எங்க சார் வருது?" என்பார். மேசை இல்லை என்று விளக்குங்கள். "அப்ப மூலைய ஏன் சார் ரவுண்டு பண்ணிட்டீங்க, மட்டம் வெச்சிருந்தா கதவுக்காச்சும் ஆயிருக்கும்" என்பார். நேர்கோடே இல்லாத பொருளை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. ஆனால் இழைப்புளியை அவர் பிடிக்கும் விதத்தைக் கவனித்துவிட்டு, பேச்சை நிறுத்திக்கொண்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கோட்டுக்கு வெளியே ஜிக்சாவால் அறுத்து, மீதியை இழைப்புளியால் கோடு வரை கொண்டுவந்து, 80, 120, 220 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். மதியம் இரண்டிலிருந்து நாலுவரை ஜிக்சா ஓட்டினால் தெருவே எழுந்து வரும்.

ஐந்தாம் படி: வளைத்தல்

தட்டையான பலகை முதல் சிற்றலையிலேயே மூக்கைத் தண்ணீருக்குள் விட்டுவிடும். பின்னாலேயே நீங்களும் போவீர்கள். அதனால் இரு முனையும் மேலே வளைந்திருக்க வேண்டும், ஆளுக்கு நாலு சென்டிமீட்டர். மெல்லிய காற்றுக்கு இதற்கு மேல் வேண்டாம். வளைவு கூடினால் பலகை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும், வழுக்காது.

முறை எளிது. தரையில் குறுக்குச் சட்டங்களை வையுங்கள்: நடுவில் ஒன்றுமில்லை, முனைப் பக்கம் போகப்போக உயரம் கூடி, கடைசிச் சட்டம் ஐந்து சென்டிமீட்டர். இரண்டு அடுக்குக்கும் நடுவே பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அந்தச் சட்டங்களின்மேல் வைத்து, நடுவில் பாரம் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பசை காய்ந்த பிறகு இரண்டு அடுக்கும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வளைவிலேயே நிற்கும். எடுத்ததும் கொஞ்சம் நிமிரும், அதற்குத்தான் அந்த ஐந்தாவது சென்டிமீட்டர்.

பாரத்துக்கு வெளிநாட்டில் டஜன் கணக்கில் கிளாம்ப் பயன்படுத்துவார்கள். நெல்லித்தோப்பில் செங்கல், தண்ணீர் நிரப்பிய குடம், அரிசி மூட்டை, இட்லிக்கு ஆட்டாமல் கிடக்கும் ஆட்டுக்கல், எல்லாம் ஆகும். குடத்தை நிரப்பும் முன் பலகைமேல் வைக்கவும். நிரப்பிய குடத்தை மாடிக்குத் தூக்கியவர்களுக்கு அதன் பிறகு கடல் விளையாட்டில் ஆர்வம் இருப்பதில்லை. அடுத்த மாடியிலிருந்து பெரியவர் ஒருவர், "தம்பி, நம்ம வீட்டுக் கதவு மழையில தானாவே இப்படி வளைஞ்சுது, சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே" என்பார். நன்றி சொல்லுங்கள்.

ஆறாம் படி: பிசின்

ஒட்டுவதற்கும் பூசுவதற்கும் எப்பாக்ஸி. தேங்காய்த்திட்டிலோ வீராம்பட்டினத்திலோ ஃபைபர் படகு பழுது பார்ப்பவரிடம் ஒரு சுற்றுப் பேசிவிட்டு வருவது நல்லது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகியதில், கண்ணாடி இழையை எப்படிப் பதிப்பது என்பதை அவர்களைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. ஆனால் அவர்கள் படகுக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின், மரத்தில் எப்பாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. இதை அவர்களிடமே சொன்னால், "அப்ப நீ எதுக்கு எங்கிட்ட வந்த?" என்று கேட்பார்கள். நியாயம்தான்.

ரெசினையும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதப்படி அளந்து கலக்கவும். கண்ணளவு, கையளவு எல்லாம் சாம்பாருக்கு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் கலவை கெட்டியாகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பதையும் நினைவில் வைக்கவும். டப்பாவில் இருபது டிகிரிக்கு எழுதிய நேரத்தை மே மாத மாடியில் நம்பினால், மக்கில் இருப்பது தன் சூட்டிலேயே புகைந்து பால் போலப் பொங்கி, மக்கோடு சேர்ந்து சிலையாகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிவையுங்கள். மழை நாளில் தொடவே வேண்டாம். ஈரம் பட்டால் மேலே வெள்ளைப் படலம் படியும். பலகையின் விளிம்புகளுக்கு இரண்டு மூன்று முறை அதிகம் பூசுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது வயிற்றால் அல்ல, வெட்டிய ஓரத்தால்.

இனி முக்கியமான விதி. மரத்துக்குள் காற்று இருக்கிறது. வெயில் ஏறும் நேரத்தில் பூசினால் அது விரிந்து, பூச்சில் குமிழ் குமிழாக வெளியே வரும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் மரம் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே பிசின் பூச உகந்த நேரம் மாலை நாலு மணி. கடற்காற்று நன்றாக வீசும் நேரமும் மாலை நாலு மணிதான். இந்தப் பொருத்தத்தைப் பற்றி வருத்தப்பட்டுப் பயனில்லை. பலகை முடியும்வரை கடலில் காற்று இருக்கும். நீங்கள் மாடியில் இருப்பீர்கள்.

ஏழாம் படி: கால் வழுக்காமல் இருக்க

ஈரமான வார்னிஷின் மேல் மணலைத் தூவினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். போதும், உங்கள் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் ஆயுளுக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதிச் சந்தையில் பழைய யோகா பாய் கிடைத்தால் வாங்கி ஒட்டுங்கள். அந்தப் பாயில் முன்பு யாரோ மனதை அடக்கப் பழகியிருப்பார்கள். அது பலகைக்கும் நல்லது.

எட்டாம் படி: போக்குவரத்து

நாலு கிலோவை ஒட்டிய பலகை, ஸ்கூட்டர், பின்னால் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். நெல்லித்தோப்பு சிக்னலைத் தாண்டிக் கிழக்கே, புஸ்ஸி வீதி வழியாகக் கடற்கரை. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போனால் எதிர்க்காற்று 21 நாட்டுக்கு மேல். மாதக்கணக்கில் கடலில் நீங்கள் தேடிய காற்று புஸ்ஸி வீதியிலேயே இருந்திருக்கிறது. அதைக் கண்டு உற்சாகப்பட்டுப் பலகையைக் குறுக்கே திருப்பிவிடாதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் இறங்குவார், வண்டி நிற்கும் முன்பே.

காவலர் நிறுத்தினால், இது மாஞ்சா இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுவதும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் தடை போட்டதிலிருந்து, பட்டம், கயிறு என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து காதில் விழுந்தால் அவர் கை லத்தியைத் தேடும். அவர் கவலையில் நியாயமும் உண்டு. கண்ணாடித் தூள் இல்லாவிட்டாலும் ஆள் எடையைத் தாங்கி விறைத்து நிற்கும் கயிறு கழுத்தில் பட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆள் நடமாடும் இடத்திலும், மின்கம்பி தெரியும் இடத்திலும் பட்டத்தை விரிக்கவே கூடாது.

ஒன்பதாம் படி: இடம் தேர்வு

கடற்கரைச் சாலை அழகான இடம், உட்கார்ந்து கடலை சாப்பிட. 1980-களில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் போட்ட பிறகு வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் நின்றுபோனது, கரை கரைந்தது, கற்களைக் கொட்டினார்கள். பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்ததில் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. மணல் வந்ததும் ஊரும் வந்துவிட்டது. பட்டம் விரிக்க இடமில்லை. ஊசுடு ஏரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், ஆனால் அது பறவைகள் சரணாலயம். கழுவெளிச் சதுப்பும் அப்படியே. ஆட்சேபம் தெரிவிக்கப் பறவைகளுக்கு வழியில்லை என்றாலும் வனத்துறைக்கு இருக்கிறது. சுண்ணாம்பாறு முகத்துவாரம் தட்டையான தண்ணீர். அங்கே ஏற்கெனவே உல்லாசப் படகுகள் இருக்கின்றன. மிச்சம் ஊருக்கு வடக்கே, ஆள் குறைந்த மணல்.

இங்கே ஒரு புவியியல் நுணுக்கம். துடுப்பில்லாத பலகை மெல்லிய காற்றில் எதிர்த்து ஏறாது. காற்று போகும் பக்கமே நழுவும். தெற்குக் காற்றில் வைத்திக்குப்பத்தில் இறங்கினால் சோலை நகரைத் தாண்டி, கோட்டக்குப்பம் கரையில் ஒதுங்குவீர்கள். அது தமிழ்நாடு. எல்லையில் புதுச்சேரிக்காரர் எதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தாலும் அதற்குள் பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐதீகம். பலகை கெட்டி மரம்தான் என்று தட்டிக் காட்டுங்கள்; ப்ளைவுட் கடையில் பழகியது கைகொடுக்கும். பிறகு பட்டத்தைச் சுருட்டி, பலகையைத் தோளில் வைத்து, மணலில் தெற்கே நடந்து வர வேண்டியதுதான். இந்த விளையாட்டில் கடலில் போவது ஒரு பங்கு, கரையில் திரும்பி நடப்பது மூன்று பங்கு. நல்ல செருப்பு அவசியம்.

பத்தாம் படி: ஏறுதல்

முழங்கால் தண்ணீரில் உட்காருங்கள். பட்டம் தலைக்கு நேர் மேலே. பலகையைக் காலுக்கு நேரே திருப்பி, பாதங்களை இடுப்பகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்து, பட்டத்தைப் போக வேண்டிய பக்கம் தாழ்த்துங்கள். காற்று குறைவாக இருந்தால் பட்டத்தைச் சும்மா நிறுத்தக் கூடாது. வானத்தில் எட்டு போட வையுங்கள். பட்டம் ஓடினால் அதன் மேல் படும் காற்றும் கூடும், இழுப்பும் கூடும். எழுந்ததும் பலகையின் விளிம்பை அழுத்திக் குத்தாதீர்கள், தட்டையாக விடுங்கள். வேகம் வந்த பிறகுதான் விளிம்பு.

பட்டம் விழுந்தால்? காற்றிருக்கும் நாளில் தானே எழும். இல்லாத நாளில் எழாது. நீந்தி வர வேண்டும். அதனால் நீந்தத் தெரியாமல், உயிர்காப்பு உடுப்பு இல்லாமல், கரையில் விஷயம் தெரிந்த ஓர் ஆள் இல்லாமல் இறங்காதீர்கள். கைட் ஓட்டவே இன்னும் கற்காதவர்கள் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு முதலில் ஒரு பள்ளிக்குப் போங்கள். பலகை வீட்டில் செய்யலாம், அந்தப் பாடத்தை வீட்டில் செய்ய முடியாது.

சந்தேகங்களும் விளக்கங்களும்

கரையில் மீனவர் ஒருவர், "இன்னா தம்பி, யார் வூட்டுக் கதவு இது?" என்று கேட்டால்?

உண்மையைச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு, "கட்டுமரமும் மரந்தான், அதுலயும் பாய் கட்டித்தான் போனோம். காத்து வுழுந்தா துடுப்பு போட்டு வந்துருவோம். உனுக்குத் துடுப்பு எங்க?" என்பார். இதற்கு இன்னும் எந்த நாட்டுப் பலகைக்காரரும் சரியான பதில் கண்டுபிடிக்கவில்லை. ஃபாயில் விற்கும் கம்பெனிகள் உட்பட.

மிச்சமான 99-க்கு 122 துண்டை என்ன செய்வது?

சரிபாதியாக வெட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அதே சட்டத்தில் வளைத்து ஒட்டி, முட்டை வடிவில் அறுத்தால் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன ஸ்கிம்போர்டு கிடைக்கும். ஆசாரி இதைப் பார்த்த முதல் நாளே கண்டுகொண்டிருப்பார், சொல்லாமல் வைத்திருப்பார். அலை திரும்பும்போது மணலில் நிற்கும் இரண்டு விரற்கடைத் தண்ணீரில் அதை வீசி, ஓடி ஏறி வழுக்கலாம். காற்று தேவையில்லை, பட்டம் தேவையில்லை, கச்சை தேவையில்லை. எடுத்துப்போன முதல் மாலையிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளை அதில் பத்தடி போய்விடுவாள். அருகில் நிற்க வேண்டாம், "அங்கிள், உங்க பெரிய போர்டு எப்ப ஓடும்?" என்று கேட்பாள்.

பெரிய பலகையில் மெல்லிய காற்றில் உண்மையிலேயே போக முடியுமா?

போகலாம். பத்து நாட், தட்டையான தண்ணீர், பெரிய பட்டம், சிறிய ஆள் என்று நாலும் ஒரே பிற்பகலில் கூடினால் அருமையாகப் போகும். சத்தமே இல்லாமல் வழுக்கும். அந்த ஒரு சுகத்துக்காகவே கடைப் பலகையை வைத்திருப்பவர்களும் இப்படி ஒன்று செய்துகொள்கிறார்கள்.

முதல் பலகையில் என்னென்ன குறை இருக்கும்?

கனம் கொஞ்சம் கூடியிருக்கும், முனை வளைவு ஒரு பக்கம் குறைந்திருக்கும், ஓரத்தில் ஒரு இடம் பிசின் பூச விட்டுப்போயிருக்கும். இவை தெரிந்ததும் இரண்டாவது ஷீட் வாங்கத் தோன்றும். வாங்குங்கள். கடைக்காரர் இந்த முறை எதுவும் கேட்க மாட்டார். உங்களுக்குக் கப்போர்டுகள் அதிகம் என்று முடிவு கட்டியிருப்பார்.

எல்லாம் முடிந்து, ஒருநாள் தென்கிழக்கிலிருந்து பதினாறு நாட் காற்று உண்மையிலேயே வந்துவிட்டால்?

வரும். மாலை நாலு மணிக்கு வரும். அப்போது நீங்கள் மாடியில் இரண்டாவது பலகைக்குப் பிசின் பூசிக்கொண்டிருப்பீர்கள். பாதியில் விட்டுவிட்டு ஓடாதீர்கள், திட்டுத் திட்டாகிவிடும்.